கம்பும் காலடியும்: கரிசல் மண்ணில் சிலம்பம் பழகிய வரலாறு

சீனத் தற்காப்புக் கலையான வூஷு கற்கச் சேரும் புது மாணவன் கையில் முதல் சில வாரங்களுக்கு வாளும் கொடுக்க மாட்டார்கள், ஈட்டியும் கொடுக்க மாட்டார்கள். 'மாபு' என்று ஒரு நிலை உண்டு. குதிரை மேல் உட்கார்ந்தவன் போலக் காலை அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி நிற்க வேண்டும். தொடை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். அன்றைய பாடம் அவ்வளவுதான்! சினிமா பார்த்துவிட்டு ஆசையோடு போனவர்கள் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

தூத்துக்குடி மாவட்டத்தில் மணியாச்சியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் சிலம்பம் பழகப் போகும் பையனுக்கும் இதே அனுபவம்தான் காத்திருக்கிறது. வாத்தியார் கம்பை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "முதல்ல காலைப் பழகுடா" என்பார். தரையில் கோடு கிழித்து, எந்தக் காலை எங்கே வைப்பது, எப்படித் திரும்புவது என்று காட்டுவார். அதற்குக் காலடி என்று பெயர். காலடி சரியாக விழுந்த பிறகுதான் கம்பு கைக்கு வரும்.

தொடக்கப் பாடம் மட்டுமல்ல, இரண்டு கலைகளின் வரலாறும் ஒரு விதத்தில் ஒத்துப் போகிறது. இன்று முழுக் கலையாக நாம் பார்ப்பது ஒரு காலத்தில் வெறும் தொடக்கப் பாடமாக இருந்தது என்பதே அந்த ஒற்றுமை. சீனத்தில் அது எப்படி நடந்தது என்பதற்கு 16ஆம் நூற்றாண்டு நூல்களே சாட்சி. நம் பக்கத்தில் அதற்கான காரணத்தை 1801இல் தேட வேண்டும்.

வெல்ஷ் என்ற மாணவர்

மணியாச்சியை நடுவில் வைத்து ஒரு படம் போட்டுப் பார்க்கலாம். கிழக்கே ஒட்டப்பிடாரம், அதைத் தாண்டிப் பாஞ்சாலங்குறிச்சி. வடமேற்கே கயத்தாறு. வடக்கே எட்டயபுரம். மணியாச்சியும் அந்நாளில் ஒரு பாளையம்தான். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியதும், அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் இந்தச் சிறிய வட்டத்துக்குள் நடந்தவை.

அந்தக் காலத்துப் போர்ப்பயிற்சி எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரியே நல்ல சாட்சி சொல்கிறார். ஜேம்ஸ் வெல்ஷ் என்பவர் சென்னைப் படையில் இளம் அதிகாரியாக இருந்தவர். 1795 வாக்கில் சிவகங்கைச் சீமையில் சின்ன மருதுவோடு பழகினார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று 1830இல் லண்டனில் வெளியான தம் நினைவு நூலில் அவர் எழுதியிருக்கிறார். வளரியைக் கைதேர்ந்தவர்கள் 100 கஜ தூரத்துக்குள் குறி தவறாமல் எறிவார்கள் என்றும் வியக்கிறார். ஒரு பாளையத்து ஆட்சியாளர், ஒரு கும்பினி அதிகாரி. ஒருவர் ஆசான், ஒருவர் மாணவர். இப்படியும் ஒரு காலம் இருந்திருக்கிறது.

ஆறு ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே மண்ணால் மறுபடி எழுப்பினார். மார்ச் 31ஆம் தேதி மெக்காலே நடத்திய தாக்குதல் தோற்றது. பீரங்கி பிளந்த சுவரில் ஏறிய சிப்பாய்களை உள்ளே இருந்தவர்கள் நீண்ட ஈட்டிகளால் குத்தித் தள்ளினார்கள். ஆகக் கோட்டையைக் காத்த முக்கிய ஆயுதம் ஈட்டி. இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கட்டபொம்மன் படையைச் சிலம்பப் படையாக மட்டும் வருணிக்கும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. கம்பு பழகியவர்கள் அதில் நிறையவே இருந்திருப்பார்கள். ஆனால் கம்பு பழகியதே ஈட்டியும் வாளும் ஏந்துவதற்காக அல்லவா?

மே 24ஆம் தேதி கர்னல் அக்னியூ தலைமையில் வந்த பெரும் படையிடம் கோட்டை வீழ்ந்தது. அந்தப் படையில் வெல்ஷும் இருந்தார். தமக்கு வளரி கற்றுத் தந்தவரை வேட்டையாடும் போரில் மாணவரே பங்கெடுக்க வேண்டியதாயிற்று. தொடை எலும்பு முறிந்து சிறைப்பட்டுக் கிடந்த சின்ன மருதுவைப் பார்த்ததை வெல்ஷ் வருத்தத்தோடுதான் எழுதுகிறார். அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16ஆம் தேதி ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

டிசம்பர் 1 அறிக்கை

இதற்குப் பிறகு வந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் (ராபர்ட் கிளைவின் மகன்) ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்சீமையில் பாளையக்காரர்களும் சேர்வைக்காரர்களும் குடிமக்களும் தாக்கும் ஆயுதங்களை இனி வைத்திருக்கவோ பயன்படுத்தவோ கூடாது. உள்ளதை ஒப்படைக்க வேண்டும். மீறினால் மரண தண்டனை வரை போகும் என்பது அதன் சாரம். கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஈட்டி, வாள், துப்பாக்கி எல்லாம் வீடு வீடாகக் கையைவிட்டுப் போயின.

ஆனால் கம்பு? ஆடு மேய்ப்பவன் கையில் கம்பு. காட்டுக்குக் காவல் போகிறவன் கையில் கம்பு. பாம்பை விரட்டவும் கம்பு, கிழவனுக்கு ஊன்றுகோலும் கம்பு. கரிசல் சீமையில் கம்பைப் பறிமுதல் செய்வதென்றால் ஊரையே பறிமுதல் செய்ய வேண்டும்! அரசாங்கத்தின் கண்ணுக்கு ஆயுதமாகத் தெரியாத ஒரே ஆயுதம் அதுதான். ஈட்டிக்கும் வாளுக்கும் கையையும் காலையும் தயார் செய்யும் தொடக்கப் பாடமாக இருந்த கம்பு, மேலே இருந்த பாடங்கள் பறிபோன பிறகு தானே முழுப் படிப்பாக வளர்ந்தது என்றே கருத வேண்டியிருக்கிறது. வளரியின் கதியைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். எறிவதைத் தவிர வேறு வேலைக்கு உதவாத வளரி, போர் போனதும் ஏறக்குறைய மறைந்தே போனது. கம்புக்கோ ஆயிரம் வேலை.

கம்பு மறையவில்லை என்பதற்கு ஒட்டப்பிடாரத்திலேயே சான்று கிடைக்கிறது. அங்கே 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரனார் சிறுவயதில் கற்ற விளையாட்டுகளில் குதிரையேற்றம், நீச்சல், மல்யுத்தம் ஆகியவற்றோடு சிலம்பமும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சி விழுந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, அதன் பக்கத்து ஊரில், வக்கீல் வீட்டுப் பையனும் கம்பு சுற்றினான் என்பது சாதாரணச் செய்தி அல்ல.

அவருக்கு ஆறு வயதாகும்போது, 1878இல், ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது என்றானது. அதனால்தான் 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதனின் பயிற்சி, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம் நடந்தது. கம்பு பழகக் களத்துமேடு போதும். துப்பாக்கி பழக எல்லை தாண்ட வேண்டியிருந்தது.

சீனத் தளபதிகள் சொன்னது

இப்போது சீனத்துக்குப் போவோம். 16ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுக் கடற்கரையைக் கொள்ளையர்கள் சூறையாடிக் கொண்டிருந்தார்கள். அவர்களை ஒடுக்கிய தளபதிகளில் இருவர் சீ ஜிகுவாங், யூ தாயூ. இருவரும் போர்ப்பயிற்சி பற்றி நூல் எழுதியவர்கள். விவசாயிகளையும் சுரங்கத் தொழிலாளிகளையும் திரட்டிப் போர்வீரர் ஆக்கியவர் சீ ஜிகுவாங். ஆகவே 'தொடக்கக்காரன்' என்பவனை நேரில் அறிந்தவர். வெறுங்கை முட்டிச் சண்டை பெரிய போர்க்களத்தில் உதவாது, ஆனால் கை கால்களைப் பழக்கிக் கலைக்குள் நுழைய அதுவே வாசல் என்பது அவர் கருத்து. அதற்காக 32 நிலைகளைத் தொகுத்துக் கொடுத்தார்.

யூ தாயூவுக்குக் கம்பு மேல் காதல். கல்வி கற்பவனுக்கு அடிப்படை நூல்கள் எப்படியோ, ஆயுதம் கற்பவனுக்குக் கம்பு அப்படி. மற்ற ஆயுதங்கள் அதன் பிறகு வருபவை என்று அவர் ஒப்பிட்டார். 1561இல் அவர் ஷாவோலின் மடத்துக்குப் போனபோது ஒரு வேடிக்கை நடந்தது. உலகப் புகழ் பெற்ற ஷாவோலின் துறவிகளின் கம்பு வித்தையைப் பார்த்துவிட்டு, "இதன் உயிர்நாடி உங்களிடம் தொலைந்து போய்விட்டது" என்ற பொருளில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்! மடத்துத் தலைவர் கோபிக்கவில்லை. இரண்டு இளம் துறவிகளை அவரோடு அனுப்பினார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் படையோடு அலைந்து பழகிய பிறகே அவர்கள் தேறினார்கள். ஏற்கெனவே கம்பு தெரிந்த துறவிகளுக்கே மூன்று ஆண்டு என்றால், புதிதாகச் சேர்பவர் மூன்று மாதத்தில் மேடை ஏற நினைப்பதை என்னவென்பது?

பின்னர் துப்பாக்கி அங்கும் போர்க்களத்தைப் பிடித்துக்கொண்டது. வாசல் என்று சீ ஜிகுவாங் சொன்ன வெறுங்கைப் பயிற்சி வீடாகவே மாறியது. 1928இல் நான்ஜிங் நகரில் இக்கலைக்கென அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1950களில் பழைய பள்ளிகளின் அசைவுகளைத் தொகுத்துத் தரப்படுத்தப்பட்ட வரிசைகள் உருவாயின. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் வூஷு பதக்கப் போட்டியானது. அங்கே கலையை மாற்றி அமைத்தது அரசு. இங்கே அரசு ஆயுதத்தைப் பறித்தது, மீதியை ஊர்க்காரர்களே பார்த்துக் கொண்டார்கள்.

இடையே போதிதர்மர் கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாசகர்கள் விட மாட்டார்கள். காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மரே ஷாவோலினில் இக்கலையைத் தொடங்கினார் என்ற நம்பிக்கை '7ஆம் அறிவு' (2011) படத்துக்குப் பின் தமிழ்நாட்டில் நன்றாகப் பரவிவிட்டது. ஷாவோலின் துறவிகள் போரிட்டதைச் சொல்லும் கி.பி. 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அவரைப் போர்க்கலையின் ஆசானாக அது சொல்லவில்லை. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது. சீன ஆய்வாளர் தாங் ஹாவோ 1930லேயே இந்தக் கதையை மறுத்துவிட்டார். சிலம்பத்தின் பெருமைக்கு இந்தக் கதை தேவையும் இல்லை.

களத்துமேட்டுப் பள்ளி

கரிசல் மண்ணில் பயிற்சி என்பது மண்ணோடும் ஒத்துப் போக வேண்டிய காரியம். மழை பெய்தால் மண் காலில் அப்பிக்கொண்டு செருப்பைப் பிடுங்கும். கோடையில் ஆள் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அதனால் இறுகிப் போன களத்துமேடோ, செம்மண் கொட்டிய கோயில் முன்றிலோதான் பள்ளிக்கூடம். மானாவாரி வெள்ளாமை வீடு சேர்ந்த பிறகு, கோயில் கொடைக்கு முந்தைய நிலாக்கால இரவுகளில் பழகுவது வசதி. வெற்றிலை பாக்கும் தட்சிணையும் வைத்து வாத்தியாரை வணங்கித் தொடங்குவார்கள்.

கம்பு ஆளின் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. புதியவன் செய்யும் முதல் தவறு கம்பை இறுக்கிப் பிடிப்பது. இறுக்கினால் மணிக்கட்டு சுழலாது, தோள் வலிக்கும். இரண்டாவது, கண் கம்போடு போவது. எதிராளியின் மார்பைப் பார்க்க வேண்டிய கண், தன் கம்பின் அழகையே பார்த்துக் கொண்டிருக்கும். மூன்றாவது பெரிய தவறு, முழங்காலை விறைத்து நிற்பது. வீச்சின் வேகம் கையிலிருந்து மட்டும் வருவதில்லை. பின்காலில் ஊன்றி, இடுப்பு திரும்பி, தோள் வழியாகக் கம்பு நுனிக்குப் போகிறது. கால் தப்பினால் சுற்றும் கம்பு முதலில் அடிப்பது சொந்தக் கணுக்காலைத்தான். "முதல்ல காலைப் பழகு" என்று வாத்தியார் சொல்வதன் காரணம் அன்றைக்குத் தெரிந்துவிடும்!

வலக்கைக்கு வந்தது இடக்கைக்கும் வந்த பிறகு ஜோடிப் பயிற்சி. இங்கேதான் உண்மையான முன்னேற்றம் தொடங்குகிறது. தனியாகச் சுற்றும்போது காற்றைக் கிழித்தவன், எதிரே ஒருவன் மெதுவாக ஓர் அடி ஓங்கினாலே காலடியை மறந்து பின்னால் ஓடுவான். ஓடாமல் பக்கவாட்டில் ஒரு காலடி வைத்து, அடியை வாங்கி, திருப்பிக் கொடுக்கப் பழக மாதக் கணக்காகும். கம்பு நுனியில் கரியோ சாந்தோ தடவி, எதிராளி உடம்பில் யார் பொட்டு வைக்கிறார்கள் என்று எண்ணும் பழைய போட்டி முறை இதற்காகவே ஏற்பட்டது. ஓங்கி அடித்தவனை விட, தொட்டுவிட்டுத் தப்பியவனுக்கே அதில் மதிப்பு.

அலங்காரச் சிலம்பம், போர்ச் சிலம்பம் என்று இன்று இரண்டு பிரிவு சொல்கிறார்கள். வூஷுவிலும் 'தாவ்லு' என்ற வரிசை ஆட்டம், 'சாண்டா' என்ற நேரடி மோதல் என்று அதே பிரிவு உண்டு. மேடைக்கும் கைத்தட்டலுக்கும் அலங்காரம் நன்றாக இருக்கிறது. நெருப்பு வைத்துச் சுற்றினால் கூட்டம் கூடும். ஆனால் அலங்காரம் மட்டும் பழகிய பையனிடம் யூ தாயூ வந்து நின்றால் ஷாவோலினில் சொன்னதையே சொல்வார்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. எடை குறைந்த கம்புகள், வயதுப் பிரிவுகள், மதிப்பெண் விதிகள் எல்லாம் வந்துவிட்டன. சிறுமிகளும் அதிகமாகச் சேர்கிறார்கள். பழைய களத்துமேட்டில் இதற்கு இடம் குறைவு. பாஞ்சாலங்குறிச்சியில் ஆண்டுதோறும் மே மாதம் வீரசக்கதேவி ஆலய விழா நடக்கிறது. கோட்டை இருந்த இடத்தில் தொல்லியல் துறை தோண்டி எடுத்த அடித்தளங்கள் வெயிலில் கிடக்கின்றன. அதைச் சுற்றிலும் அதே கரிசல்தான். புதிதாகக் கம்பு எடுத்த பிள்ளைகள் இன்றைக்கும் அதில் ஓர் இறுகிய இடம் தேடித்தான் கோடு கிழிக்க வேண்டும்.