ஏப்ரல் 1942: சென்னை யாரை நம்பியது?

1942 ஏப்ரலில் சென்னை நகரம் காலியானதற்கு எதிரி வானொலி பரப்பிய பீதியே முதன்மைக் காரணம் என்று போர்க்கால மாகாண அரசியலைப் பற்றி எழுதியோரில் ஒரு சாரார் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். பெர்லினும் டோக்கியோவும் விதைத்த அச்சத்தை அரசின் பிரச்சாரத்தால் களைய முடியவில்லை என்பது அவர்கள் முடிவின் சாரம். அந்த முடிவுக்குப் பெரிதும் ஆதாரமாக இருப்பவை மாகாணத் தலைமைச் செயலர் டெல்லி உள்துறைக்கு மாதம் இருமுறை அனுப்பிவந்த இரகசிய அறிக்கைகள். அவை எப்படி உருவாயின என்பதையும் கணக்கில் கொண்டு படித்தால் வேறொரு முடிவுக்கே வர நேர்கிறது. சென்னைவாசிகளின் மனத்தை அசைத்ததில் இரு தரப்புப் பிரச்சாரத்தின் பங்கும் குறைவு. அரசு நடந்துகொண்ட விதமே அவர்களை அசைத்தது. வானொலி சொன்னதையும் செய்தித்தாளில் வந்ததையும் அவர்கள் அதைக் கொண்டே எடைபோட்டார்கள்.

அந்த அறிக்கைகளில் 'பொதுமக்கள் மனநிலை' பற்றிய பத்தி கிராம முன்சீப்பிலும் போலீஸ் நிலையத்திலும் தொடங்கி, தாசில்தார், கலெக்டர் வழியாகக் கோட்டைக்கு வந்து சேர்ந்த தகவல்களின் சுருக்கம். ஒவ்வொரு மேசையிலும் அது இன்னும் சுருங்கியது. ரங்கூனிலிருந்து திரும்பிய ஒருவர் தன் தெருவில் சொன்னது கீழே ஒரு மனிதரின் சாட்சியம். மேலே போகப் போக அது 'வதந்தி' ஆகிறது. உச்சியை அடையும்போது 'எதிரிப் பிரச்சாரத்தின் விளைவு' ஆகிவிடுகிறது. எல்லாத் தகவலுக்கும் இப்படித்தான் நேர்ந்தது என்று நிறுவ முடியாது. ஆனால் மக்களின் அச்சத்துக்குத் தன் அரசே காரணம் என்று மேலிடத்துக்கு எழுதத் துணியும் அதிகாரி அரிது. பெர்லினைக் காரணம் காட்டுவதில் யாருக்கும் சங்கடம் இல்லை. அறிக்கைகள் வானொலியைச் சுட்டுவது காரண விளக்கம் என்பதைவிட நிர்வாகத்தின் தற்காப்பு என்றே எனக்குப் படுகிறது.

'வதந்தி' என்று ஒதுக்கப்பட்டவற்றின் உள்ளடக்கத்தையும் பார்க்க வேண்டும். 1941 டிசம்பரில் பினாங்கிலிருந்து வெள்ளையர்கள் ஓசையில்லாமல் கப்பலேறினார்கள், உள்ளூர்வாசிகள் கைவிடப்பட்டார்கள். இது உண்மை. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு வழியிலும் முகாமிலும் நிறபேதம் காட்டப்பட்டது. இதுவும் பொய்யல்ல, ஏப்ரல் இறுதியில் அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி இதைத் தீர்மானமாகவே கண்டித்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச் 8இல் ரங்கூனும் வீழ்ந்ததை அரசே அறிவித்தது. ஆக, ஊரில் உலவிய பேச்சில் கணிசமான பகுதி நடந்ததை நடந்தபடி சொன்னது. அதைச் சொன்னவர்களும் முகம் தெரியாதவர்கள் அல்லர். கப்பலில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களும், மணிப்பூர், அசாம் மலைகளைத் தாண்டி ரயிலேறி வந்தவர்களும், செட்டிநாட்டிலும் தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் உற்றார் உள்ளவர்கள். அவர்களுடைய சொல்லுக்கு அவர்களுடைய வெறுங்கையே சாட்சி.

இந்தப் பின்னணியில்தான், நகரைவிட்டு வெளியேறுவது பற்றி 1942 ஏப்ரலில் மாகாண அரசு வெளியிட்ட சர்ச்சைக்குரிய அறிவிப்பைப் படிக்க வேண்டும். ஏப்ரல் 5இல் கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9இல் திருகோணமலையும் ஜப்பானிய விமானத் தாக்குதலுக்கு உள்ளாயின. வங்கக் கடலில் வணிகக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கின. ஜப்பானியப் படை சென்னையை நோக்கி வருகிறது என்று, பின்னர் பிழையெனத் தெரிந்த தகவல் ஒன்று அரசுக்கு எட்டியது. ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு, நகரில் இருந்தே ஆக வேண்டிய வேலை இல்லாதவர்கள் வெளியேறுவது நல்லது என்று அறிவித்தது.

முந்தைய ஆய்வுகள் இதை ஏற்கெனவே பரவிவிட்ட பீதிக்கு அரசு காட்டிய எதிர்வினையாக எடுத்துக்கொள்கின்றன. வாசகத்தில் அந்தப் பொருளுக்கு இடமுண்டு என்பதை மறுக்கவில்லை. டிசம்பர் முதலே வசதியுள்ள குடும்பங்கள் பெண்களையும் குழந்தைகளையும் சொந்த ஊருக்கு அனுப்பத் தொடங்கியிருந்தன என்பதும் சரியே. ஆனால் நகரத்தார் அந்த வாசகத்தை மட்டும் படிக்கவில்லை. அறிவிப்பு வெளியான அதே நாட்களில் கோட்டையிலிருந்து கோப்புகள் உள்மாவட்டங்களுக்கு ஏற்றப்படுவதையும் உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்கு இடம் மாறுவதையும் அவர்கள் கண்ணால் கண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் பூங்காவில் 'உயிர் காலேஜ்' என்று ஊரே அழைத்த மாநகராட்சி விலங்குக் காட்சிசாலையில் சிங்கம், புலி முதலான கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் அவை தெருவுக்கு வந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய இடம் அது. மூட்டை முடிச்சோடு ரயிலுக்குக் காத்திருந்தவருக்கு, 'அஞ்ச வேண்டாம்' என்ற ஆயிரம் சுவரொட்டிகள் சொல்ல முடியாததை அந்தச் செயல் சொல்லியிருக்கும். ஆளுவோர் தப்பிக்க, ஆளப்படுவோர் மாட்டிக்கொண்ட பினாங்குக் கதையைக் கேட்டிருந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. அவர்கள் எடுத்த முடிவைப் பீதி என்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. கைவசம் இருந்த சான்றுகளிலிருந்து அவர்கள் நிதானமாகவே அந்த முடிவுக்கு வந்தார்கள்.

வானொலியின் வீச்சைக் குறைத்து மதிப்பிடுவதாக ஆட்சேபம் எழலாம். 1939 இறுதியில் இந்தியா முழுவதிலும் வானொலி உரிமங்கள் ஒரு லட்சத்தை எட்டவில்லை என்பதை மட்டும் காட்டி அதைத் தள்ளிவிட முடியாது. ஒரு பெட்டியைச் சுற்றி ஒரு தெருவே கூடிக் கேட்ட காலம் அது. ஜெர்மனியிலிருந்து ஒலித்த ஆசாத் ஹிந்த் வானொலியின் மொழிகளில் தமிழும் ஒன்று. 1942 பிப்ரவரி 19 முதல் அதில் சுபாஷ் சந்திர போஸ் தன் பெயரிலேயே பேசினார். அந்தக் குரலுக்கு இங்கே ஆர்வமுள்ள செவிகள் இருந்தன. ஆனால் கேட்பது வேறு, கேட்டதை நம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது வேறு. இதற்கு 1940 கோடையே நல்ல உரைகல். பிரான்ஸ் வீழ்ந்த செய்தி வந்ததும் அஞ்சலகச் சேமிப்பைத் திரும்ப எடுக்கவும் வெள்ளி நாணயத்தைப் பதுக்கவும் மக்கள் முண்டியடித்தார்கள்; நாணயப் பதுக்கலுக்கு எதிராக ஆணை பிறந்தது, ஒரு ரூபாய்த் தாள் புழக்கத்துக்கு வந்தது. போஸ் அப்போது நாட்டைவிட்டு வெளியேறியிருக்கவில்லை. ஆசாத் ஹிந்த் வானொலி பிறக்கவே இல்லை. தணிக்கைக்குட்பட்ட நாளேடுகளில் வெளியான மெய்யான தோல்விச் செய்தியே அதற்குப் போதுமானதாக இருந்தது.

மக்களை அசைத்தது அரசின் நடத்தையே என்பதை, 1942 ஏப்ரல் 23இல் ராஜாஜியின் தலைமையில் சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சி நிறைவேற்றிய தீர்மானங்களும் காட்டுகின்றன. முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்கச் சொன்ன முதல் தீர்மானத்துக்கே வரலாற்றாசிரியர்களின் கவனமெல்லாம் போய்விட்டது. மாகாணத்தில் மீண்டும் மக்கள் ஆட்சி அமைய வேண்டும் என்ற மற்றொரு தீர்மானம் நம் கேள்விக்கு நெருக்கமானது. 1939 அக்டோபர் முதல் அமைச்சரவை இல்லாத மாகாணத்தில், ஆபத்து வேளையில் மக்கள் நம்பத்தக்க ஆட்சி வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நோயை வானொலியில் கண்டிருந்தால் ராஜாஜி வேறு மருந்தைத்தான் கேட்டிருப்பார். அதே ஆண்டு ஆகஸ்டில் கோவையை அடுத்த சூலூர் விமானத்தளம் எரிந்ததை எதிரிப் பிரச்சாரத்தின் பலனாகக் காட்டுவோரும் உண்டு. ஆனால் காங்கிரஸ் தலைவர்கள் ஆகஸ்ட் 9இல் கைதான பிறகு நடந்தவற்றுக்கு பெர்லின்வரை போய்க் காரணம் தேட வேண்டியதில்லை.

1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று உண்மையிலேயே சென்னைக்கு வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. முந்தைய ஆண்டு குண்டே விழாமல் காலியான நகரம் இம்முறை காலியாகவில்லை. போரின் போக்கு அதற்குள் மாறிவிட்டது என்பது ஒரு காரணம்; அதை முற்றாக ஒதுக்க மாட்டேன். ஆனால் எதிரி வானொலி அப்போது ஓயவில்லை. போஸ் சிங்கப்பூருக்கே வந்துவிட்டிருந்தார். குரல் முன்னைவிட அருகிலிருந்து ஒலித்தது. மாறியிருந்தது இன்னொன்று: அந்த அக்டோபரில் அலுவலகங்கள் இடம்பெயரவில்லை. தங்கியிருந்த அரசைப் பார்த்துச் சென்னைவாசிகளும் தங்கினார்கள்.