பரியாரியின் கையும் எக்ஸ்ரே படமும்

யாழ்ப்பாணத்தில் கை கால் முறிந்தால், ஊர் முறிவு நெரிவுப் பரியாரியிடம் போவோரும் இருக்கிறார்கள், நேரே வைத்தியசாலைக்கு ஓடுவோரும் இருக்கிறார்கள். எது சரி என்ற வாதம் பல வீடுகளில் இன்னும் ஓயவில்லை. ஒருகாலத்தில் இரு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது. மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1884இல் மறைந்தார். ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895இல். கிறீனின் மாணவர்களும் தடவித்தான் முறிவை அறிந்தார்கள்.

நல்ல பரியாரியின் கையைக் குறைத்து மதிப்பிட என்னால் முடியாது. வீங்கிய மணிக்கட்டில் எண்ணெய் பூசி, விரல் நுனியை மெல்ல நகர்த்தி, நோ எங்கே கூடுகிறது, எலும்பு எங்கே உரசுகிறது என்று தேடுவார். கையூன்றி விழுந்தவருக்குப் பெருவிரலின் அடிக்குழியை அமுக்கும்போது நொந்தால், உள்ளே படகெலும்பு வெடித்திருக்கலாம். முதல் நாள் படத்தில் அந்த வெடிப்பு பலவேளை தெரிவதில்லை. அதனால்தான் வைத்தியர்களும் படத்தை மட்டும் நம்பாமல் மாக்கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடம் எடுக்கிறார்கள்.

ஆனால் பனையிலிருந்து விழுந்த சீவல் தொழிலாளியிடம் கை தோற்றுவிடும். குதிக்கால் வலிக்கிறது என்று மட்டும் அவர் சொல்வார். உயரத்திலிருந்து குதிக்கால் ஊன்றி விழுந்த வேகம் முள்ளந்தண்டையும் நசுக்கியிருக்கக்கூடும். அதைத் தோலின் மேலிருந்து தடவி உறுதிப்படுத்த முடியாது. அப்படிப்பட்டவரை எழுப்பி இருத்தி உருவுவது ஆபத்து. அவருக்குப் படமே முதலில் வேண்டும். முன்பக்கமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒரு கோணத்தில் நேராகத் தெரியும் எலும்பு மறுகோணத்தில் விலகிக் கிடக்கலாம்.

கதிருக்கு அஞ்சிப் படத்தைத் தவிர்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு: கை கால் படமொன்றில் உடலுக்குச் சேர்வது ஏறக்குறைய 0.001 மில்லிசீவேட். இயற்கையிலிருந்து உலக சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 சேர்கிறது. கர்ப்பிணிகள் மட்டும் மறக்காமல் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

பரியாரியும் வைத்தியரும் தவறவிடக்கூடிய ஒன்று உண்டு. முழங்கை முறிந்த பிள்ளைக்குச் சிம்பு வைத்துக் கட்டினாலும் மாக்கட்டுப் போட்டாலும், வீக்கம் கூடும்போது கட்டு இறுகி இரத்த ஓட்டம் நின்றுபோகலாம். தசை சாவதை எக்ஸ்ரே காட்டாது. விரல் வெளுத்தால், நீலம் பாரித்தால், விறைத்தால், விரலை நீட்டிவிடும்போது பிள்ளை அலறினால், விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. கட்டைத் தளர்த்தச் செய்து, அந்த இரவே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.