வானமும் கடைக்காலும்

வீட்டு வேலை நடக்கும் இடத்தில் "வானம் எடுத்தாச்சா?" என்று மேஸ்திரி கேட்பது தமிழ்நாட்டில் அன்றாடம் காதில் விழும் பேச்சு. "எடுத்தாச்சுங்க மேஸ்திரி, மழை வர்றதுக்குள்ள கல்லைப் போட்டுரணும்" என்று பதில் வரும். சுவர் எழும்பப்போகும் கோட்டில் தரையை வெட்டி எடுக்கும் நீளப் பள்ளத்துக்குத்தான் அங்கே வானம் என்று பெயர். ஆகாயத்துக்கும் அதே பெயர் இருப்பதால், படித்தவர்கள் சிலர் இது பிழையாக இருக்கும் என்று கருதி 'வாணம்' என்று திருத்தி எழுதுகிறார்கள். அந்தத் திருத்தம் தேவையில்லை. கேரளத்தில் வீடு கட்டுகிறவர்களும் இதை வானம் என்றே சொல்கிறார்கள். பள்ளம் வெட்டுவதற்கு அங்கே 'வானம் மாந்தல்' என்று பெயர். னகரத்தையும் ணகரத்தையும் நாக்கில் தெளிவாகப் பிரித்துச் சொல்லும் மலையாளத்திலும் னகரமே நிற்கிறது. ஆகவே கொத்தனார் உச்சரிப்பதே சரி, எழுத்திலும் அப்படியே இருக்கட்டும்.

இந்தச் சொல்லோடு எந்த வினை சேர்கிறது என்று பாருங்கள். வானம் தோண்டுவார்கள், வெட்டுவார்கள், எடுப்பார்கள், பறிப்பார்கள். வானம் கட்டினோம் என்று எவரும் சொல்வதில்லை. பள்ளம் வெறுமையாக இருக்கும்வரைதான் அது வானம். கல்லும் சாந்தும் உள்ளே இறங்கிய நிமிடத்திலிருந்து அதன் பெயர் கடைக்கால். பேச்சில் கடக்கால், கடகால். "கடகாலுக்கு எத்தனை லோடு கல்லு?" என்பார்கள். குழிக்கு ஒரு பெயர், குழியை நிரப்பும் கட்டுமானத்துக்கு வேறொரு பெயர். இரண்டும் இரண்டு நாள் வேலை, இரண்டு வகை ஆள், இரண்டு கூலி. அதனால் அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இரண்டு சொல் வேண்டியிருந்தது.

கடைக்கால் என்ற சொல்லைப் பிரித்தால் கடையும் காலும் கிடைக்கும். கால் என்பதற்குத் தமிழில் நீரோடும் வழி என்றும் பொருள் உண்டு, வாய்க்காலில் இருப்பது அந்தக் கால். பள்ளம் வாய்க்கால் போலத் தெரிவதால் இதுவும் அந்தக் கால்தான் என்று சிலர் எண்ணக்கூடும். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. கட்டட வேலையில் வரும் மற்ற கால்களை வரிசைப்படுத்திப் பாருங்கள்: வாசக்கால், நிலைக்கால், பந்தக்கால், முகூர்த்தக்கால். எல்லாமே நட்டு நிற்கும் மரம். கடைக்காலும் இந்தக் குடும்பத்துப் பிள்ளை. கடை என்றால் கடைசி, அடிமுனை. புழக்கடை என்று வீட்டின் பின்புறத்தைச் சொல்கிறோமே, அதில் இருப்பதும் ஒரு கடைதான்.

இதற்குச் சான்று புழக்கடையிலேயே நிற்கிறது. வட மாவட்டங்களில் கொட்டாய் என்றும், தெற்கே தொழுவம் என்றும், வேறு சில பக்கங்களில் கட்டுத்தறி என்றும் சொல்லப்படும் மாட்டுக் கொட்டகையை எடுத்துக்கொள்வோம். கூரை போட்ட பழைய கொட்டகைக்குச் சுவர் கிடையாது, ஆகவே வானமும் கிடையாது. முழங்காலுக்கு மேல் ஆழமாகக் குழி பறித்து, பனையோ வேம்போ நட்டு, மண்ணைத் தள்ளி, கடப்பாரையின் பின்பக்கத்தால் இடித்து இறுக்குவார்கள். மண்ணுக்குள் போகும் முனையைத் தீயில் காட்டிக் கரியாக்கிவிட்டுத்தான் நடுவது வழக்கம். கரிந்த மரத்தைக் கறையான் எளிதில் தொடாது என்பது நம்பிக்கை. காலின் அந்தக் கடைமுனைதான் மொத்தக் கூரையையும் தாங்கியது. பிறகு காலுக்குப் பதில் சுவர் வந்தது. தனித்தனிக் குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீளப் பள்ளமாயின. மரம் நின்ற இடத்தில் கல் வந்தாலும் பெயர் மட்டும் காலாகவே தங்கிவிட்டது என்பது என் கணிப்பு.

கையாலேயே ஒரு சிறு ஷெட்டுக்குக் கடைக்கால் போடுவதைப் பார்த்தால் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் வந்து நிற்கும். தட்டுமுட்டுச் சாமான் வைக்க 12 அடிக்கு 9 அடி ஷெட் என்று கொள்வோம். முதலில் முளைக்குச்சி. மூலையிலேயே முளை அடித்தால் பள்ளம் வெட்டும்போது முளையும் போய்விடும், ஆகவே இரண்டடி வெளியே தள்ளி அடித்து, நூலை அங்கிருந்து இழுத்துக் கட்டுவார்கள். நூலும் நூலும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் மூலை. அது செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடியில் ஓர் அடையாளம், மறுபக்கம் 4 அடியில் ஓர் அடையாளம். இரண்டுக்கும் குறுக்கே டேப் பிடித்தால் 5 அடி வர வேண்டும். நம் ஷெட்டின் அளவு இதன் மும்மடங்கு என்பதால் குறுக்களவு இரண்டும் சரியாக 15 அடி வரும். ஒன்று 15 அடி 2 அங்குலம் காட்டினால் நூல் எங்கோ கோணியிருக்கிறது, மண்வெட்டியைத் தொடக்கூடாது. நான்கு அங்குலக் கோணலைக்கூடப் பூச்சில் மறைத்துவிடலாம் என்கிறவர்கள் உண்டு. தகரக் கூரை ஏற்றும் நாளில் அந்தக் கோணல் அப்படியே மேலே தெரியும்.

நூலுக்குக் கீழே சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டபின் வானம் வெட்டுவார்கள். ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழம் என்றால், நடுக்கோட்டின் சுற்றளவு 42 அடி. மண் 126 கன அடி. லாரிக்காரர் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட், ஆக ஒன்றேகால் யூனிட் மண்ணை இரண்டு கைகள் வெளியே எடுத்துப்போட வேண்டும். எடுத்த மண்ணைக் கரையோரம் கொட்டக்கூடாது. பாரத்தில் கரை சரிந்து மண் மறுபடி உள்ளேயே விழும். குறைந்தது இரண்டடி தள்ளிக் கொட்ட வேண்டும். ஆழத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. ஐ.எஸ். 1904 என்னும் இந்தியத் தரக் குறிப்பு, கடைக்கால் தரைக்குக் கீழே குறைந்தது 50 செ.மீ. இறங்க வேண்டும் என்கிறது. நம் இரண்டடி அதைத் தாண்டியதுதான்.

பள்ளத்தின் அடி ஒரே மட்டமாக இருக்க வேண்டும். டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது எளிய முறை. சுவர் வேலைக்கு ரசமட்டம். ரசம் என்பது பாதரசம். ஆனால் அந்தக் குழாய்க்குள் இருப்பது சாராய வகைத் திரவம். எங்காவது கூடுதலாக வெட்டிவிட்டால் எடுத்த மண்ணையே போட்டு நிரப்பக்கூடாது, கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். ஏனென்றால் கிளறிய மண் பழைய இறுக்கத்துக்குத் திரும்பாது. பிறகு மணல் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடிப்பார்கள். திமிசு தெலுங்கிலுள்ள திம்மிஸவேதான். மண்வெட்டிலும் கல்லுடைப்பிலும் தேர்ந்த போயர் மக்களில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். மேஸ்திரியோ போர்த்துக்கீசியரின் 'மெஸ்த்ரெ'. சித்தாள் நம்முடைய சிறு ஆள். பாண்டுச் சட்டியில் கலவையைச் சுமந்து இந்த வேலை முழுவதையும் நகர்த்துகிற பெண்களுக்கு அந்தச் 'சிறு' சற்றும் பொருந்தாது.

மணலின் மேல் ஒன்றுக்கு நான்குக்கு எட்டு என்ற கணக்கில் சிமென்ட், மணல், ஒன்றரை அங்குல ஜல்லி கலந்து நாலு அங்குலக் கனம். அதற்கு மேல் கருங்கல். கல்லின் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் இணைப்பு வராமல் மாற்றி வைப்பதும், இடைவெளியில் வெறும் சாந்தை ஊற்றாமல் சில்லு செருகுவதும்தான் கைத்திறன். கருங்கல் எளிதில் கிடைக்காத காவிரி வண்டல் பக்கத்தில் செங்கல்லாலேயே கட்டினார்கள். கரிசலில் கதை வேறு. ஈரத்தில் உப்பி, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது. அங்கே இரண்டடி போதாது, வெடிப்பு எட்டாத ஆழத்துக்குப் போக வேண்டும்.

எழுத்துத் தமிழில் செல்வாக்கோடு இருப்பது அஸ்திவாரம். இலங்கைத் தமிழர் அதை அத்திவாரம் ஆக்கிக்கொண்டார்கள்; அஸ்தமனத்தை அத்தமனம் ஆக்கிய அதே ஒலிமாற்றம். கன்னடத்திலும் அஸ்திவார, தெலுங்கில் அஸ்திபாரமு. ஆனால் தெலுங்கர் பேச்சில் பெருவழக்கு புனாதி, அது பாரசீகத்து 'புன்யாத்'. கோயில் சிற்பிகளுக்கு அதிட்டானம் உண்டு. அது மண்ணுக்குள் புதைவதன்று. தரைக்கு மேலே ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அடுக்கடுக்காகக் கண்ணுக்குத் தெரியும் பகுதி. கல்வெட்டுகளில் ஏராளமானவை வெட்டப்பட்டிருப்பது அங்கேதான்.

அதிட்டானத்தின் இடத்தைச் சாதாரண வீட்டில் பிடித்திருக்கும் சொல்தான் எனக்கு மிகவும் பிடித்தது: பேஸ்மட்டம். ஆங்கிலேயரின் பேஸ்மென்ட் தரைக்குக் கீழே இருக்கும் அறை. இங்கே வந்ததும் அது மேலேறி, தரைக்கும் வீட்டுத் தளத்துக்கும் இடைப்பட்ட உயரத்தைக் குறித்தது. அதோடு நிற்காமல் அந்த 'மென்ட்' கொத்தனார் வாயில் மட்டமாயிற்று. "பேஸ்மட்டம் ஒன்றரை அடி வைங்க" என்று சொல்லும்போது அந்தப் பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது: அந்த உயரத்தில் சுற்றிலும் ஒரே மட்டம் பிடிக்க வேண்டும், அதற்கு மேல்தான் சுவர். கடன் வாங்கிய சொல்லைத் தமிழாக்கிக்கொண்ட அறிவு இதில் இருக்கிறது. இதைக் கொச்சை என்று ஒதுக்குவது அநியாயம்.

ஆக, பள்ளம் வானம். மண்ணுக்குள் கட்டுவது கடைக்கால். மண்ணுக்கு மேல் தளம்வரை பேஸ்மட்டம். நாளிதழிலும் மேடையிலும் இவை மூன்றும் 'அடித்தளம்' என்ற ஒரே சொல்லுக்குள் கரைந்துபோகின்றன. நட்புக்கும் பொருளாதாரத்துக்கும் அடித்தளம் இடுகிறவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். கட்டடத்துக்குப் போதாது. எங்கே விரிசல் விட்டது என்று கேட்டால், அடித்தளத்தில் என்ற பதிலை வைத்துக்கொண்டு எவரும் எதையும் சரிசெய்ய முடியாது.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலைத் தமிழ் வழியில் கற்பிக்கத் தொடங்கியது. அதற்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் பாடநூல் எழுதுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது: கலைச்சொல் தேடும் முன் ஒரு நாள் வேலைத்தலத்துக்குப் போய் மேஸ்திரியும் சித்தாளும் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வானம், கடைக்கால், பேஸ்மட்டம் மூன்றையும் படத்தில் தனித்தனியே அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.