மலைப்பழமும் 2 சதவிகிதமும்

ராத்திரி சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கும் முகங்களைப் பாருங்கள். அத்தனையிலும் களைப்பு! மருந்துக்கடையில் 'மூலிகைச் சத்து' டப்பாக்கள் அடுக்கியிருப்பது அவர்களை நம்பித்தான். அப்படி ஒரு டப்பாவின் கதை இது.

1987 டிசம்பர். பொதிகை மலையின் கேரளப் பக்கம். விஞ்ஞானி புஷ்பாங்கதனின் குழு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தது. வழிகாட்டிய காணி பழங்குடி இளைஞர்களோ அலுக்கவே இல்லை. காரணம், வழியெல்லாம் அவர்கள் மென்ற ஒரு சின்னப் பழம். குழுவினரும் தின்றார்கள். தெம்பு வந்தது! 'என்ன செடி இது?' என்றால், இளைஞர்கள் வாய் திறக்கவில்லை. குல ரகசியம் ஆயிற்றே! ரொம்பக் கேட்ட பிறகுதான் 'ஆரோக்கியபச்சை'யைக் காட்டினார்கள்.

அதோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' பிறந்தது. 1995-ல் கோவை ஆர்ய வைத்திய பார்மஸி உரிமம் வாங்கியது. 10 லட்சம் ரூபாய், கூடவே விற்பனையில் 2 சதவிகிதம். அதில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் பார்க்கிறது. காணிகளின் அறக்கட்டளைக்கு 5 லட்சத்துச் சொச்சம் போய்ச் சேர்ந்தது 1999-ல். ரகசியம் சொல்லி 11 வருஷம் கழித்து! இடையில் அந்த இலையைப் பறிக்க வனத்துறை தடை வேறு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் விடாத சோர்வு நோயை எந்த டப்பாவும் தீர்த்ததாக நிரூபணம் இல்லை. அதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும். மற்றபடி, அடுத்த முறை டப்பாவைத் திருப்பி விலை பார்க்கும்போது, மலையேறிய அந்த இளைஞர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.