பல்கலைக் கழகத்தை ஆள்பவர் யார்?

சென்னைக் கடற்கரைச் சாலையில், சேப்பாக்கத்தின் அருகே, குவிமாடங்களும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட மாளிகை ஒன்று கம்பீரமாக நிற்கின்றது. சிஸ்ஹோம் என்னும் கட்டடக் கலைஞர் 1874 முதல் 1879 வரை எழுப்பிய செனேட் மண்டபம் அது. அம்மண்டபம் பாடம் சொல்லிக் கொடுப்பதற்காகக் கட்டப்பெற்றதன்று. செனேட் என்னும் பேரவை கூடுவதற்கும், தேர்வு நடத்துவதற்கும், பட்டம் வழங்குவதற்குமே கட்டப்பெற்றது. கல்விக்கென ஏற்பட்ட ஒரு நிலையம் வகுப்பறைக்கு முன்னர் தேர்வு மண்டபத்தை எழுப்பிக்கொண்டது ஏன்? இவ்வினாவுக்கு விடை அக்கழகத்தைத் தோற்றுவித்த சட்டத்தில் இருக்கின்றது.

1839-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சென்னை மாகாணத்து மக்கள் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று, கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பெற்றது. உயர்தரக் கல்வி வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் அம்முயற்சியில் முன்னின்றார். அடுத்த ஆண்டில் அவர் தலைமையிலேயே பல்கலைக் கழகக் குழு ஒன்று அமைந்தது. ஆயினும், அக்குழுவினால் 1841-இல் ஓர் உயர்தரப் பள்ளியைத்தான் திறக்க முடிந்தது. அப்பள்ளியே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. மக்கள் கேட்ட பல்கலைக் கழகம் பிறப்பதற்கு 1857 செப்டம்பர் 5-ஆம் நாள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்நாளில் நிறைவேறிய சட்டம் லண்டன் பல்கலைக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. கல்லூரிகள் கற்பிக்கும், பல்கலைக் கழகம் தேர்வு நடத்திப் பட்டம் அளிக்கும். இதுவே அதன் அடிப்படை. கவர்னர் வேந்தராகவும், அவருக்குக் கீழே துணைவேந்தரும், அரசினர் நியமித்த உறுப்பினரும் செனேட்டாகவும் அமைந்தனர். உறுப்பினர் பதவி வாழ்நாள் பதவியாக இருந்தது. விதிகளுக்கோ அரசினரின் இசைவு வேண்டும்.

இவ்வமைப்பினால் நன்மையும் உண்டாயிற்று. எங்கே கற்றவராயினும் ஒரே அளவுகோலால் மதிக்கப்பெற்றனர். சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறோல் விசுவநாத பிள்ளையும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்றவர்கள். பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளிலிருந்து கலித்தொகையை அச்சேற்றித் தந்த பெருமகனார் இந்தத் தாமோதரம் பிள்ளையே. ஆனால், வகுப்பில் நின்று கற்பிக்கும் ஆசிரியருக்கு, தாம் எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்யும் உரிமை இச்சட்டத்தால் கிடைக்கவில்லை. ஆராய்ச்சிக்கும் இடம் ஏற்படவில்லை. தேர்வே கல்வியின் எல்லை ஆயிற்று.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. கர்ஸன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, 1904-இல் இந்தியப் பல்கலைக் கழகங்கள் சட்டம் வந்தது. செனேட் உறுப்பினரின் தொகை ஐம்பதுக்குக் குறையாமலும் நூற்றுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என்றும், பதவிக் காலம் ஐந்தாண்டு என்றும் அது வரையறுத்தது. சென்னை போன்ற பழைய பல்கலைக் கழகங்களில் இருபதின்மர் மட்டுமே தேர்ந்தெடுக்கப்படுவர். எஞ்சியோர் பெரும்பாலும் வேந்தரால் நியமிக்கப்படுவர். விதிகளைத் திருத்தும் அதிகாரத்தையும் அரசினர் பெற்றனர். பல்கலைக் கழகத்தை அதிகாரிகளின் பிடியில் வைக்கும் சட்டம் இது என்று கோபால கிருஷ்ண கோகலே சட்டசபையில் வன்மையாக எதிர்த்தார். அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

எனினும், அதே சட்டத்தின் மற்றொரு பகுதி ஒரு கதவைத் திறந்து வைத்தது. பல்கலைக் கழகம் தானே பேராசிரியர்களை நியமித்துக் கற்பிக்கலாம் என்பதே அது. அதன் பயனாக 1914-இல் எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் இந்திய வரலாற்றுப் பேராசிரியரானார். அடுத்துப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைத் தத்தம் ஊர்களுக்கே சென்று நிலம், கடன், கூலி, பயிர் ஆகியவற்றை ஆராய்ந்து எழுதும்படி ஏவினார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான் முதலிய சிற்றூர்களின் வாழ்க்கை 1918-இல் நூல் வடிவம் பெற்றது. தேர்வுத் தாளுக்கு மட்டுமே விடை எழுதிக்கொண்டிருந்த மாணவன், தன் ஊரைப் பற்றித் தானே வினா எழுப்பத் தொடங்கினான். சட்டத்தின் ஒரு பிரிவு மாணவன் கையில் ஆராய்ச்சி ஏட்டைக் கொடுத்தது எனலாம்.

பின்னர், ஸாட்லர் தலைமையில் 1917 முதல் 1919 வரை கல்கத்தாப் பல்கலைக் கழகத்தை ஆராய்ந்த குழுவின் கருத்துகள் நாடெங்கும் பரவின. சென்னையில் 1923-இல் புதிய சட்டம் பிறந்தது. கற்பிக்கும் பல்கலைக் கழகமாக வளர்வது அதன் நோக்கம். அதிகாரம் மூன்றாகப் பகுக்கப்பட்டது. பொதுக் கொள்கைக்குச் செனேட். அன்றாட ஆட்சிக்குச் சிண்டிகேட். பாடத்திட்டம், தேர்வு முதலிய கல்வி விவகாரங்களுக்குக் கல்விப் பேரவை. பணத்தையும் பொதுமக்கள் விருப்பத்தையும் பற்றிப் பேசும் மன்றம் வேறு, பாடத்தைப் பற்றி முடிவு செய்யும் மன்றம் வேறு என்ற தெளிவு அப்போதுதான் சட்ட வடிவம் எய்தியது. மைசூர், ஆந்திரம், அண்ணாமலை, திருவிதாங்கூர் எனப் புதிய பல்கலைக் கழகங்கள் 1916 முதல் 1937 வரை தோன்றியமையால், சென்னையின் பரந்த எல்லையும் சுருங்கிற்று. உள்ளே ஆழ்ந்து பணிபுரிய அவகாசம் பிறந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த தமிழ்ப் பேரகராதி அக்காலத்து அருஞ்செயல்களுள் ஒன்று.

1923-ஆம் ஆண்டுச் சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் நிலவுகின்றது. பழைய வினா மட்டும் தீர்ந்தபாடில்லை. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை வேந்தராகிய ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்களை 2022 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியதும், அவற்றை ஒட்டி எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றதும் அதற்குச் சான்று.

மாணவர்களே! பல்கலைக் கழக விதிநூல் சுவையற்ற நூல் என்று நீங்கள் எண்ணலாம். ஆயினும், எந்தப் பாடம் வைப்பது, யார் கற்பிப்பது, யாரைத் தேர்ச்சி பெற்றவர் என்பது ஆகிய அனைத்தும், மன்றத்து இருக்கைகளில் அமர்வோர் யாவர் என்பதைப் பொறுத்தனவாகும். அரசினர் பொருள் தருகின்றனர். ஆசிரியர் அறிவு தருகின்றனர். பட்டதாரிகளும் பொதுமக்களும் அதன் பயனை அளந்து பார்க்கின்றனர். இவர்களுள் ஒருவர் குரல் மட்டும் ஓங்கியபோதெல்லாம் கல்வி ஒருபுறம் சாய்ந்தது என்பதே நாம் கண்ட வரலாறு. நாளை அவ்விருக்கைகளில் அமரப் போகின்றவர்கள் நீங்கள். அடுத்த முறை செனேட் மண்டபத்தைக் கடந்து செல்லும்போது, அதன் குவிமாடத்தின் அழகோடு, அதனுள்ளே எழுந்த இவ்வினாவையும் நினைவிற் கொள்வீர்களாக.