தாதியர் மேசை: ஒரு வரலாற்று நோக்கு

வைத்தியசாலைகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் மருத்துவரையும் மருந்தையும் சத்திரசிகிச்சையையும் பற்றி விரிவாக எழுதினர். கட்டடங்களைப் பற்றியும் சிலர் எழுதினர். அக்கட்டடங்களினுள்ளே இரவும் பகலும் ஒருவர் மாறி ஒருவராகத் தாதியர் இருந்தும் நின்றும் பணியாற்றும் மேசையைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. ஆயினும் நோயாளியின் உடல்வெப்பம் ஏட்டிலே குறிக்கப்படுவதும், வைத்தியரின் கட்டளை வாசிக்கப்படுவதும், உறவினர் வந்து கவலையோடு வினவுவதும் அம்மேசையருகேதான். அஃது எவ்விடத்தில் இடப்படல் வேண்டும், எத்துணை உயரமாயிருத்தல் வேண்டும், அதன் மேற்றட்டு எப்பொருளால் ஆக்கப்படல் வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் ஒவ்வொரு தலைமுறையும் வெவ்வேறு விடை கூறியுள்ளது. அவ்விடைகளின் அடியிலே ஒரே முரண்பாடு கிடக்கக் காணலாம். தாதியின் கண் நோயாளியின்மேல் இருத்தல் வேண்டும்; கையோ ஏட்டின்மேல் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே மேசையில் இசைவித்தல் எளிதன்று.

இவ்வரலாற்றைப் புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். கிறைமியப் போரின்போது, 1854 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், 38 தாதியருடன் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்த அவர், அங்கே போர்க்காயங்களினும் பார்க்கத் தொற்றுநோய்களே மிகுதியான உயிர்களைக் கவர்வதைக் கண்டார். நாடு திரும்பிய பின்னர், 1859 இல், வைத்தியசாலைகளின் அமைப்புப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1863 இல் அது பெரிதும் திருத்தி விரிக்கப்பட்டு மூன்றாம் பதிப்பாக வந்தது. அவர் வகுத்த நோயாளர் விடுதி நீண்ட ஒரே மண்டபமாகும். இருபக்கமும் உயர்ந்த சாளரங்கள், சாளரங்களுக்கிடையே கட்டில்கள், ஒரு விடுதியில் ஏறத்தாழ முப்பது நோயாளர். இலண்டனிலே தேம்சு நதியின் கரையில், பாராளுமன்றத்துக்கு எதிரே, 1871 இல் திறக்கப்பட்ட சென். தோமசு வைத்தியசாலை இம்முறையில் அமைந்த கட்டடங்களுள் புகழ்பெற்றது.

இவ்வமைப்பிலே தாதியின் இடம் எது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. தலைமைத் தாதிக்கு விடுதியை ஒட்டிய ஓர் அறை உண்டு. அவ்வறையிலிருந்து விடுதி முழுவதையும் காணத்தக்க சாளரம் ஒன்று இருத்தல் வேண்டுமென அம்மையார் வற்புறுத்தினார். ஏனைய தாதியர்க்குத் தனி நிலையம் என ஒன்றில்லை. விடுதியின் நடுவே கிடந்த மேசையே அவர்களுக்கு எழுதுமிடமும் மருந்து ஒழுங்குசெய்யுமிடமும் ஆயிற்று. அங்கிருந்து தலையை நிமிர்த்தினால் முப்பது கட்டில்களும் தெரியும். சிறு அறைகளாகப் பிரித்தால் மேற்பார்வை இயலாது, தாதியரின் தொகையும் பெருகும் என்பது அம்மையாரின் வாதம். பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையில் எழுந்த வைத்தியசாலைகளிலும் நீண்ட திறந்த விடுதிகள் அமைக்கப்பட்டமையால், விடுதியின் நடுவிலோ வாயிலருகிலோ கிடக்கும் ஒற்றை மேசை நம்மவர்க்கும் பழகிய காட்சியே.

மேற்பரப்புக்களைப் பற்றி அம்மையார் கூறியவையும் ஈண்டுக் கருதத்தக்கன. சாதாரண சாந்து பூசிய சுவர் அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். ஆதலின் இறுகிய, மெருகேறிய சீமெந்துப் பூச்சு வேண்டும். தளம் ஓக்கு மரத்தாலாகி மெழுகு தேய்த்து மெருகிடப்படல் வேண்டும். பாத்திரங்கள் தகரத்திலும் பார்க்கக் கண்ணாடியாலோ பீங்கானாலோ ஆதல் நன்று. இவ்விதிகளுக்கு அவர் கொண்ட அடிப்படை, கெட்ட காற்றினால் நோய் பிறக்கின்றது என்னும் பழைய கொள்கையாகும். கொள்கை தவறு, விதியோ சரி. கிருமிகளைப் பற்றிய அறிவு பரவிய பின்னும் அவ்விதியை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. மருத்துவ வரலாற்றில் இவ்வாறு பிழையான காரணத்திலிருந்து பயனுள்ள நடைமுறை பிறந்த சந்தர்ப்பங்கள் பல உள. அவற்றைக் கண்டு நகைத்தல் அறிவுடைமையாகாது.

1867 இல் யோசேப்பு லிஸ்ரர் காபொலிக்கமில முறையை வெளியிட்டார். 1882 இல் றொபேட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். இதன் பின்னர் மரத்தின்மேல் ஐயம் வளர்ந்தது. நார்களுக்கிடையே ஈரத்தை ஏற்கும் மரப்பலகைக்குப் பதிலாக எனாமல் பூசிய இரும்பும் தடித்த கண்ணாடியும் பளிங்குக்கல்லும் புகுந்தன. ஆயின் இவை பெரும்பாலும் சத்திரசிகிச்சை அறைக்கும் மருந்து கட்டும் மேசைக்குமே உரியனவாயின. எழுதும் மேசை நெடுங்காலம் மரமாகவே இருந்தது. எழுதும் கை நோயைக் கொண்டுசெல்லும் என்ற எண்ணம் அன்று வலுப்பெறவில்லை போலும்.

மேசையின் தன்மையை மாற்றியவை வேறிரு காரணங்கள். ஒன்று, திறந்த விடுதி உடைந்தமை. கொப்பன்கேகன் நகரத்திலே 1910 இல் திறக்கப்பட்ட றிக்ஸ் வைத்தியசாலையில் கட்டில்கள் சாளரச் சுவருக்குச் சமாந்தரமாக இடப்பட்டு, இடைத்தடுப்புக்களால் சிறு பகுதிகளாக்கப்பட்டன. அமெரிக்காவிலோ, சிக்காகோ நகர வைத்தியசாலை ஒன்றின் நிருவாகியான ஆசா பேக்கன் என்பார், 1920 இல், நோயாளி ஒவ்வொருவருக்கும் தனியறை வேண்டுமென வாதித்தார். நோயாளிக்கு மறைவும் அமைதியும் கிடைத்தன. தொற்றும் குறையலாமென எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் தாதி தலையை நிமிர்த்தினால் தெரிவது நடைவழியும் மூடிய கதவுகளுமே. கண் செய்த வேலையை இனி மின்மணியும் கதவின்மேல் எரியும் விளக்கும் செய்ய வேண்டியதாயிற்று. அவ்விளக்குகளைக் காண்பதற்கு நடைவழியின் நடுவே ஓரிடம் வேண்டும். தாதியர் நிலையம் என இன்று வழங்குவது இவ்வாறே பிறந்தது.

மற்றைக் காரணம் எழுத்து. அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் கல்லூரி 1919 இல் வகுத்த ஆகக் குறைந்த தகுதி விதிகளிலே, ஒவ்வொரு நோயாளிக்கும் நிறைவான குறிப்பேடு வைத்திருத்தல் ஒன்றாகும். ஏடுகள் பெருகின, அவற்றை அடுக்கும் தட்டுக்கள் பெருகின, தொலைபேசி வந்து மேசைமேல் அமர்ந்தது. வைத்தியர், உறவினர், பணியாளர் எல்லாரும் வந்து நிற்குமிடமாக நிலையம் ஆனபோது, திறந்த மேசைக்குப் பதிலாகக் கடையின் முகப்பை ஒத்த உயர்ந்த முகப்பு மேசை எழுந்தது. உள்ளே இருந்து எழுதுவோர்க்கு 30 அங்குல உயரத்தில் ஒரு தட்டு. வெளியே நிற்போர்க்கு 42 அங்குல அளவில் மற்றொரு தட்டு. இடையிலுள்ள ஓரடி உயரம் ஏடுகளைப் பிறர் கண்ணிலிருந்து மறைத்தது. அதே ஓரடி, இருந்து எழுதும் தாதியின் கண்ணிலிருந்து நடைவழியையும் மறைத்தது. நோயாளியின் இரகசியத்தைக் காத்த சுவர் நோயாளியையே மறைத்த சுவராயிற்று என்பதனை அக்காலச் சிற்பிகள் போதிய அளவு சிந்திக்கவில்லை என்றே கூறவேண்டும்.

இம்முகப்பு மேசையின் மேற்றட்டுக்கு இருபதாம் நூற்றாண்டு இரு பொருள்களை நல்கியது. இரண்டும் மேசைக்கென ஆக்கப்பட்டவையல்ல. 1913 இல் செபீல்ட் நகரத்து ஹரி பிறேலி என்பார், துப்பாக்கிக் குழாய் அரிக்கப்படுவதைத் தடுக்கும் உலோகம் தேடுகையில், குறோமியம் கலந்த துருவேறா உருக்கைக் கண்டார். அதே ஆண்டில் அமெரிக்கச் சின்சினாட்டி நகரத்தில் ஹேர்பேட் பேபர், டானியல் ஓகொணர் என்னும் இருவர், மின்காவலிப் பொருளாகிய மைக்காவுக்குப் பதிலாகப் பயன்படத்தக்க தகட்டை ஆக்குவதற்கு ஒரு கம்பனியைத் தொடங்கினர். மைக்காவுக்குப் பதிலாக வந்தமையால் அது போமைக்கா எனப் பெயர் பெற்றது. பிசினில் தோய்த்த தடித்த தாள்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒரே தகடாக இறுக்குவதே அதன் செய்முறை. 1938 அளவில் மேற்றாளுக்கு மெலமைன் பிசின் பயன்பட்டபின், நிறமும் கோலமும் ஏற்று, தேய்மானத்தைத் தாங்கும் தகடு கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் எழுந்த வைத்தியசாலைகளில் அது விரைந்து பரவியது. மலிவு அதற்குப் பெருங்காரணம்.

அத்தகட்டின் குறை அதன் ஓரத்திலே இருந்தது. தகடு மிக மெல்லியது. ஒட்டுப்பலகையிலோ மரத்தூட் பலகையிலோ பசையிட்டு ஒட்டப்படுவது. இரு தகடுகள் சந்திக்கும் கோட்டில் துடைக்கும் நீர் நாளடைவில் இறங்கும், உள்ளிருக்கும் பலகை ஊதும், மூலை கிளம்பும். கிளம்பிய மூலையின் கீழ்த் துணியும் செல்லாது, மருந்துநீரும் நில்லாது. அழுக்கு மட்டும் நிலைக்கும். வீட்டு மேசையில் பத்தாண்டு நிற்கும் தகடு, நாள்தோறும் பன்முறை கிருமிநாசினியாற் கழுவப்படும் மேசையில் அவ்வளவு காலம் நில்லாது.

இதற்கிடையில் மேசையின் இடத்தைப் பற்றிய ஆராய்ச்சி முறையாகத் தொடங்கியது. பிரித்தானியாவிலே நபீல்ட் நிதியத்தின் சார்பில் இலெவெலின் டேவிஸ் தலைமையில் ஆராய்ந்தோர், தாதியரின் நடையையும் நேரத்தையும் அளந்து, 1955 இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். 1957 இல் அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரத்தில், மெதடிஸ்த வைத்தியசாலையில், நடுவே தாதியர் மேசையும் சுற்றிலும் அறைகளுமாக வட்டவடிவ விடுதி ஒன்று பரீட்சார்த்தமாகக் கட்டப்பட்டது. 1960 அளவில் யேல் பல்கலைக்கழகத்தில் தொம்சன், பெலெற்றியர் என்போர், நிலையத்துக்கும் அறைகளுக்குமிடையே நிகழும் போக்குவரவை எண்ணி, ஒரு கட்டடத்தின் தகுதியை எண்ணாற் கூறும் முறையை வகுத்தனர். நைற்றிங்கேல் அம்மையார் கண்ணால் அளந்ததனை இவர்கள் காலடியால் அளந்தனர் எனலாம். வட்டவடிவம் கண்ணுக்கு உகந்தது. ஆயின் அறைகள் கூடக்கூட வட்டம் விரிந்து, நடுவிலே பயனற்ற வெளி பெருகுதலால் அது பெருவழக்காகவில்லை.

ஓரத்தின் குறையைத் தீர்க்க வந்தது மற்றொரு பொருள். 1967 இல் டூபொண்ட் கம்பனியின் இரசாயனர் டொனால்ட் சிலோக்கம் கண்ட கொறியன், அக்கிரிலிக் பிசினோடு அலுமினியக் கனிப்பொருட் பொடியைக் கலந்து வார்த்த தகடாகும். அது மேலிருந்து கீழ்வரை ஒரே பொருள். தடிப்பு அரை அங்குலம். கீறல் விழுந்தால் அரத்தாளால் தேய்த்துப் போக்கலாம். எல்லாவற்றினும் சிறப்பு அதன் இணைப்பு. இரு துண்டுகளின் விளிம்பைச் சுழலும் அலகு கொண்டு செம்மையாக வெட்டி, அதே இனப் பிசினை இட்டு, இடுக்கியால் நெருக்கி, இறுகியபின் தேய்த்து மெருகிட்டால், இணைப்பு விரலுக்குத் தட்டுப்படாது. சுவரோடு சேருமிடத்தைக் கூரிய மூலையாக விடாது உட்குழிவாக வளைத்து ஏற்றலாம். கைகழுவும் தொட்டியையும் தட்டோடு ஒன்றாக்கலாம்.

எனினும் வேலையாள் அறியவேண்டிய நுட்பங்கள் சில உள. தொட்டிக்காகவோ கம்பிகளுக்காகவோ துளை வெட்டும்போது அதன் உள்மூலைகளை வளைவாக வெட்டல் வேண்டும். கூர்மூலையில் அழுத்தம் குவிந்து வெடிப்புத் தொடங்கும். மேசை மடங்கும் உள்மூலையிலே இணைப்பை வைத்தலும் அக்காரணத்தாலேயே தவறு. சற்று விலக்கி வைத்து அடியில் வலுத்துண்டு பொருத்தல் வேண்டும். வெப்பத்தால் தட்டு விரிவதற்குச் சுவரோரத்தில் சிறிய இடைவெளியும் வேண்டும். நிறத்திலும் கவனம் தேவை. இரவு முழுவதும் விளக்கின்கீழ் எழுதுவோர்க்கு மின்னும் வெண்மை கண்ணை உறுத்தும். மங்கிய, இடைத்தர நிறமே தகும்.

மேற்றட்டிலே கிருமி எத்துணைக் காலம் வாழும் என்பது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006 இல் வெளிவந்த கட்டுரை, மருந்துக்கு அடங்காத சில கிருமிகள் உலர்ந்த பரப்பிலும் மாதக்கணக்கில் உயிர்வாழ வல்லன எனக் காட்டியது. எழுதும் மேசையைப் பற்றிய பழைய அசட்டை இதனால் நீங்கியது. இதற்கு முன்னரே, 1983 இல், அமெரிக்க வைத்தியசாலை ஒன்றின் கதவுக் குமிழ்களைச் சோதித்த கூன் அம்மையார், பளபளக்கும் துருவேறா உருக்கிலும் பார்க்க மங்கிய பித்தளையில் கிருமிகள் விரைவில் மடிவதைக் கண்டிருந்தார். செப்புக் கலப்புலோகங்களின் இவ்வியல்பை அமெரிக்கச் சுற்றாடற் காப்பு அமையம் 2008 இல் முறைப்படி ஏற்றது. வீட்டில் செப்புக்குடத்தைப் புளியிட்டு விளக்குவோர்க்கு இச்செய்தி மகிழ்ச்சி தரலாம். ஆயின் விலையும் நிறமாற்றமும் தடையாக நிற்றலால் செப்பு முகப்பு மேசைகள் அரிதாகவே உள்ளன.

உயரத்தைப் பற்றிய மாற்றம் சட்டத்தின் வழியே வந்தது. 1990 இல் அமெரிக்காவில் நிறைவேறிய, வலுவிழந்தோர் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுந்த விதிகள், முகப்பு மேசையின் ஒரு பகுதியேனும் 36 அங்குலத்துக்கு மேற்படாதிருத்தல் வேண்டுமெனப் பணித்தன. சில்லு நாற்காலியில் வருவோர் பொருட்டு இவ்விதி பிறந்தது. அதனால் உள்ளே இருக்கும் தாதிக்கும் நடைவழியின் ஒரு பகுதி மீண்டும் தெரியலாயிற்று.

1990களில் நிலையத்தையே பிரித்துப் பரப்பும் முயற்சி வலுப்பெற்றது. நடுவேயுள்ள பெருமேசையைக் குறுக்கி, இரு நோயாளர் அறைகளுக்கிடையே சுவரில் ஒரு குழிவு அமைத்து, அங்கே சிறுமேசையும் கணினியும் இட்டு, இருபுறமும் அறைக்குள் நோக்கும் சாளரம் வைத்தனர். புதிதாகக் கட்டப்படும் பொது விடுதிகளில் தனியறையே வழமையாதல் வேண்டுமென 2006 இல் அமெரிக்க வைத்தியசாலைக் கட்டட நெறிகள் கூறிய பின்னர் இம்முறை மேலும் பரவியது. அதன் தேவையை 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வு புலப்படுத்தியது. 36 வைத்தியசாலைகளில் நடந்த அவ்வாய்வின்படி, தாதியரின் நேரத்தில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்டது எழுதுவதிலே கழிந்தது; நோயாளியைப் பராமரிப்பதிற் கழிந்ததோ ஐந்திலொரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

சிறுமேசைகளால் தாதி கட்டிலுக்கு அண்மையில் வந்தாள். ஆயின் புதிய குறை ஒன்று தோன்றியது. பெருமேசையைச் சுற்றி நின்று, மூத்த தாதியிடம் இளையவள் ஐயம் கேட்டறிந்த வழக்கம் தளர்ந்தது. தனிமை மிகுந்ததெனத் தாதியர் பலர் முறையிட்டனர். ஆகவே இன்று கட்டப்படும் வைத்தியசாலைகள் பலவற்றில் இருவகை மேசைகளும் உள. வாயிலருகே சுருங்கிய நடுமேசை ஒன்று. அறைகளின் அருகே, இருந்தும் நின்றும் எழுதத்தக்கதாக உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய சிறுமேசைகள்.