குறை மாவுச்சத்து உணவுமுறை (விளையாட்டு)

விளையாட்டில் குறை மாவுச்சத்து உணவுமுறை என்பது அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை போன்றவற்றைப் பெரிதும் தவிர்த்து, கொழுப்பையே முதன்மை எரிபொருளாகக் கொள்ள உடலைப் பழக்கும் முறையாகும். நெடுந்தொலைவு ஓட்டம், நடை, மிதிவண்டி ஆகிய துறைகளின் வீரர்களிடையே இது அறியப்பட்டுள்ளது. இதன் கடுமையான வடிவத்தில் நாளொன்றுக்கு 50 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்தே உட்கொள்ளப்படுகிறது. ஒரு கிண்ணம் சோற்றிலேயே ஏறத்தாழ அந்த அளவு அடங்கிவிடும்.

அடிப்படை

உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோசனாகத் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கிறது. இந்த இருப்பு சுமார் 500 கிராம். அதாவது 2000 கலோரி. மாரத்தான் ஓட்டத்தின் பிற்பகுதியில் இது தீரும்போது ஓட்டக்காரர் திடீரெனத் தளர்கிறார். கொழுப்போ மெலிந்த வீரரிடமும் பல பத்தாயிரம் கலோரி அளவுக்கு உண்டு. அதைக் கூடுதலாக எரிக்கப் பழகினால் தளர்ச்சி தள்ளிப்போகும் என்பதே இம்முறையை ஆதரிப்போரின் வாதம்.

ஆய்வுகள்

1983இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டீபன் ஃபின்னி ஐந்து மிதிவண்டி வீரர்களுக்கு நான்கு வாரங்கள் இவ்வுணவை அளித்தார். களைத்து நிறுத்தும் வரையிலான நேரம் சராசரியாக 147 நிமிடத்திலிருந்து 151 நிமிடமானது. எனினும் சோதனை மிதமான வேகத்தில் நடந்தது. சராசரி உயர்ந்ததில் ஒரே வீரரின் பெரும் முன்னேற்றத்துக்குப் பங்கு அதிகம்.

போட்டி வேகத்தில் நிலைமை வேறு. ஆத்திரேலியாவில் லூயிஸ் பர்க் குழுவினர் உலகத்தர நடைப்போட்டி வீரர்களை மூன்று வாரங்கள் ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். குறை மாவுச்சத்துக் குழுவினர் முன்னைவிட மிகுதியாகக் கொழுப்பை எரித்தனர். ஆயினும் அதே வேகத்தில் நடக்க அவர்களுக்குக் கூடுதல் ஆக்சிசன் தேவைப்பட்டது. ஒரே அளவு ஆக்சிசனைக் கொண்டு மாவுச்சத்திலிருந்து பெறும் ஆற்றலைவிடக் கொழுப்பிலிருந்து பெறும் ஆற்றல் குறைவு என்பதே காரணம். மாவுச்சத்து உண்ட இரு குழுக்களும் 10 கிலோமீட்டர் நடையில் ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு முன்னேற, இக்குழு முன்னேறவில்லை. 2020இல் வெளியான மறு ஆய்வும் இதையொத்த முடிவையே தந்தது. கொழுப்பு எரிவதும் வேகம் கூடுவதும் ஒன்றல்ல என்பது இங்குத் தெளிவாகிறது.

தென்னாப்பிரிக்காவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்புணவுக்குப் பின் ஒருநாள் மாவுச்சத்து ஏற்றிய வீரர்களின் 100 கிலோமீட்டர் நேரம் பெரிதாக மாறவில்லை. ஆனால் இடையிடையே வந்த 1 கிலோமீட்டர் விரைவோட்டங்களில் திறன் குறைந்தது. மிதிவண்டிப் போட்டிகளின் வெற்றி பெரும்பாலும் இத்தகைய பாய்ச்சல்களில்தான் முடிவாகிறது.

பயன்பாடு

வேகம் குறைந்த மிகநெடுந்தொலைவு ஓட்டங்களில் இம்முறையைப் பின்பற்றுவோர் உண்டு. வேறு சிலர் குறிப்பிட்ட பயிற்சி நாட்களில் மட்டும் மாவுச்சத்தைக் குறைத்து, போட்டிக்கு முன் நிறைய உண்கின்றனர். தொடக்க வாரங்களில் சோர்வும் தலைவலியும் ஏற்படக்கூடும் என்பதால், போட்டி நெருங்கும் காலத்தில் இதைத் தொடங்குவது தவிர்க்கப்படுகிறது.